தோணி சுமந்த வழியும் தொடர்வண்டி வந்த வழியும்

ஓர் ஊர் ஏன் ஓரிடத்தில் தோன்றுகிறது? தோன்றியபின் ஏன் வளர்கிறது? வளர்ந்த ஊர் ஏன் ஒருநாள் தேய்ந்து போகிறது? வரலாறு படிப்போர் மன்னரையும் போரையும் பற்றி வினவும் அளவிற்கு இவ்வினாக்களை எழுப்புவதில்லை. ஆயினும், பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து, இருப்புப்பாதையை அண்டி எழுந்த குடியிருப்பில் வாழும் நம்மனோர்க்கு இவை அயலான வினாக்கள் அல்ல. நாம் வாழும் ஊரே ஒரு பாதை வந்தமையால் வந்த ஊர்தானே!

இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர்க்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதி நல்லதொரு பாடநூல். மிச்சிகன் ஏரிக்கு மேற்கே, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் விஸ்கான்சின் மாநிலமும், அதனைத் தெற்கில் ஒட்டிய இல்லினாய் மாநிலத்தின் வடபகுதியுமே இக்கட்டுரையின் களம். அங்கே ஏரிகள் பல, ஆறுகள் பல, சிற்றூர்களும் பல. அவற்றின் வரலாறு முழுமையும் ஏறத்தாழ 350 ஆண்டுக் காலத்துக்குள் ஏட்டில் அடங்கிவிடுவதால், ஊர் பிறப்பதையும் வளர்வதையும் தேய்வதையும் ஒரே பார்வையில் காண இயலுகிறது. சரக்குச் சீட்டுகளின் நடுவே நாள் கழிக்கும் எழுத்தனாகிய யான், பெரும்புலமை ஏதும் இன்றி, நூல்களிற் கற்றதைத் தொகுத்துச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

பனி உழுத நிலம்

அந்நிலத்தின் முதற் சிற்பி பனியே. நெடுங்காலம் வடக்கிலிருந்து பெரும்பனிப் பாளங்கள் நகர்ந்து வந்து அந்நாட்டை மூடிக் கிடந்தன. அவை நகர்ந்தபோது குன்றுகளைத் தேய்த்தன, பள்ளங்களைத் தோண்டின. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிப் பின்வாங்கியபோது, தோண்டிய பள்ளங்களில் எல்லாம் நீர் தேங்கிற்று. கடலோ என ஐயுறத்தக்க ஐம்பெரும் ஏரிகள் அவ்வாறு அமைந்தவையே. விஸ்கான்சின் மாநிலத்தில் மட்டும் சிறியவும் பெரியவுமாக ஏறத்தாழ 15,000 ஏரிகள் உள்ளன. மாநிலத்துக்குள்ளேயே அடங்கிய ஏரிகளுள் பெரியது வின்னிபேகோ ஏரி. நீளம் ஏறத்தாழ 30 மைல். ஆனால் ஆழமோ 21 அடியை மிஞ்சாது.

தென்மேற்கு மூலையை மட்டும் பனி தீண்டவில்லை. ஆகவே அங்கே ஏரிகள் இல்லை. செங்குத்தான குன்றுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் உள்ளன. அக்குன்றுகளின் வயிற்றில் ஈயம் இருந்தது. அவ்வீயத்தின் கதையைப் பின்னர்க் காண்போம்.

இந்நிலத்தின் ஆறுகளுள் இரண்டினை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒன்று விஸ்கான்சின் ஆறு. இது மாநிலத்தின் வடகோடியில் பிறந்து, தெற்கு நோக்கி ஓடி, பின் மேற்கே திரும்பி மிசிசிப்பியில் கலக்கிறது. அதன் நீர் மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. நீளம் ஏறத்தாழ 430 மைல். நம் காவிரியினும் சற்றே குறுகியது எனலாம். மற்றொன்று ஃபாக்ஸ் ஆறு. இது நடுப்பகுதியில் பிறந்து முதலில் தென்மேற்காக ஓடுகிறது. பின்னர் வடக்கே திரும்பி, வின்னிபேகோ ஏரியினுட் புகுந்து வெளிப்பட்டு, கிரீன் பே என்னும் விரிகுடாவின் வழியே மிச்சிகன் ஏரியில் சேர்கிறது. அதன் நீர் ஏரிகளைக் கடந்து, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியே அட்லாண்டிக் கடலை அடைகிறது.

இவ்விரண்டு ஆறுகளும் ஓரிடத்தில் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. இடையே ஒன்றரை மைல் தாழ்ந்த சதுப்பு நிலமே எஞ்சியிருக்க, இரண்டும் கலவாமல் முகந்திருப்பி வேறு வேறு கடல்களை நாடிச் செல்கின்றன. அந்த ஒன்றரை மைல் நிலமே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

தோணி சுமந்த வழி

1673 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள், மிச்சிகன் ஏரியின் வடமுனையிலுள்ள செயின்ட் இக்னேஸ் என்னும் இடத்திலிருந்து இரண்டு மரப்பட்டைத் தோணிகள் புறப்பட்டன. அவற்றில் ஏறியவர் எழுவர். தலைவர்கள் இருவர்: ஒருவர் லூயி ஜோலியே என்னும் இளைஞர், மற்றவர் ஜாக் மார்க்கெட் என்னும் பாதிரியார். மேற்கே பேராறு ஒன்று உண்டு எனப் பழங்குடி மக்கள் கூறக் கேட்டிருந்தனர். அதனைத் தேடிச் சென்றனர். உணவாகக் கொண்டவை சிறிது சோளமும் உலர்ந்த இறைச்சியுமே.

கிரீன் பேயை அடைந்து ஃபாக்ஸ் ஆற்றில் அவர்கள் எதிரேறிச் சென்றனர். வழியில் ஆறு எது, சதுப்பு எது, ஏரி எது என அறிய இயலாதபடி நீரில் தானாக விளையும் ஒருவகை நெல் அடர்ந்து மறைத்திருந்தது. அந்நெல்லே அவ்வட்டாரத்துப் பழங்குடியினரின் உணவு. பெண்டிர் தோணியில் அமர்ந்து, கதிர்களை வளைத்துக் கோலால் தட்டி, மணிகளைத் தோணிக்குள்ளேயே உதிர்த்துக்கொள்வர். அந்நெல்லின் பெயராலேயே மெனோமினி என ஒரு குடி வழங்கப்பெறுகிறது. உழாது விதையாது விளையும் நெல்லை உண்டு வாழ்ந்த மக்கள் அவர்கள்!

அவ்வழியைத் தாமாகக் கண்டறிய அயலார்க்கு இயலவில்லை. மயாமி என்னும் குடியைச் சேர்ந்த இருவர் வழிகாட்டிகளாக உடன் சென்றனர். ஃபாக்ஸ் ஆறு குறுகித் தோணி செல்ல இயலாத இடத்தை அடைந்ததும் அனைவரும் இறங்கினர், பொருள்களை இறக்கினர், தோணிகளைத் தோள்மேல் தூக்கினர். 2,700 தப்படி நடந்தனர் என மார்க்கெட் எழுதி வைத்துள்ளார். அப்பால் விஸ்கான்சின் ஆறு ஓடிற்று. வழிகாட்டிகள் திரும்பிவிட, எழுவரும் தோணிகளை மீண்டும் நீரில் இறக்கினர். ஜூன் 17 ஆம் நாள் மிசிசிப்பியின் நீரைக் கண்டனர். ஒரு திங்கட் பயணத்தில் ஒரு கடலின் நீரை விட்டு மற்றொரு கடலின் நீரை அடைந்துவிட்டனர்!

அவர்கள் அர்க்கன்சா ஆற்றின் கழிமுகம் வரை சென்று, திரும்புகையில் இல்லினாய் ஆற்றின் வழியே வந்தனர். அங்கும் தோணி சுமக்கும் வழி ஒன்று இருந்தது. அது மிச்சிகன் ஏரியின் தென்கரையில் சேறும் புல்லும் மண்டிய தாழ்நிலம். அங்கே சிறிய கால்வாய் ஒன்று வெட்டினால் ஏரிகளிலிருந்து வளைகுடா வரை கப்பலிலேயே செல்லலாமே என ஜோலியே கருதினார். அக்கருத்து நிறைவேற ஏறத்தாழ 175 ஆண்டுகள் சென்றன. அவ்விடத்தில் எழுந்த நகரந்தான் சிக்காகோ.

ஜோலியேயின் ஏடுகளும் வரைபடங்களும் நமக்குக் கிட்டவில்லை. 1674 இல் வீடு நெருங்கும் வேளையில், மாண்ட்ரியலுக்கு அருகே அவர் தோணி கவிழ்ந்தது. பேழையோடு எல்லாம் ஆற்றில் மறைந்தன. மார்க்கெட் பாதிரியாரின் குறிப்பே எஞ்சியது. அவரும் 1675 இல் மிச்சிகன் ஏரிக்கரையில் உயிர் நீத்தார்.

நீர்வழி வளர்த்த ஊர்கள்

தோணியில் செல்வோன் நிற்காமல் செல்லும் இடத்தில் ஊர் தோன்றுவதில்லை. அவன் இறங்க வேண்டிய இடத்தில், சுமக்க வேண்டிய இடத்தில், ஓடம் மாற்ற வேண்டிய இடத்திலேயே ஊர் தோன்றுகிறது. இறங்குவோனுக்கு உணவு வேண்டும்; சுமைக்கு ஆள் வேண்டும்; இரவுக்கு ஒரு கூரை வேண்டும். இவ்வாறு தோன்றியவையே அவ்வட்டாரத்தின் பழைய ஊர்கள். ஃபாக்ஸ் ஆற்றின் முகத்தில் கிரீன் பே. விஸ்கான்சின் ஆற்றின் முகத்தில் பிரேரி டு ஷீன். இரண்டுக்கும் நடுவே, தோணி சுமந்த அந்த ஒன்றரை மைலில் போர்ட்டேஜ். சுமந்து செல்லுதல் என்பதே இப்பெயரின் பொருள். வேறெந்த ஊரேனும் தன் தொழிலையே தன் பெயராக இத்துணை வெளிப்படையாகக் கொண்டிருக்குமோ என ஐயுறுகிறேன்.

முதலில் இவ்வழியே சென்ற சரக்கு நீரில் வாழும் கொறிவிலங்காகிய பீவரின் தோல். ஐரோப்பியச் செல்வர்கள் தொப்பி அணிவதற்காக இங்கே பீவர்கள் மடிந்தன. அடுத்து வந்தது ஈயம். மேற்கூறிய தென்மேற்குக் குன்றுகளில் பழங்குடி மக்கள், சிறப்பாகப் பெண்டிர், முன்னரே ஈயம் அகழ்ந்து வந்தனர். 1820 களில் வெள்ளையர் அதனை அறிந்து திரள் திரளாக வந்தனர். வீடு கட்ட நேரமில்லாத சுரங்கத்தார் குன்றுச் சரிவில் வளை தோண்டி வாழ்ந்தமையால், வளை தோண்டும் பாட்ஜர் என்னும் விலங்கின் பெயரே அவர்கட்குப் பட்டப்பெயர் ஆயிற்று. இன்றும் விஸ்கான்சின் பாட்ஜர் மாநிலம் என்றே வழங்கப்பெறுகிறது.

ஈய நாட்டின் தலைநகர் போன்று விளங்கிற்று இல்லினாயில் உள்ள கலீனா. ஈயத் தாதுவின் பெயரே ஊரின் பெயர். 1826 இல் தெருக்கள் அளந்து அமைக்கப்பெற்ற அவ்வூர், மிசிசிப்பியில் சேரும் ஒரு சிற்றாற்றின் கரையில் நின்று, செயின்ட் லூயிக்கும் செயின்ட் பாலுக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் மிகுதியாக வந்து போகும் துறையாகத் திகழ்ந்தது. அக்காலத்துச் சிக்காகோவோ சேற்று நிலத்தில் கிடந்த ஒரு குக்கிராமம். 1833 இல் அது சிற்றூராகப் பதிவு பெற்றபோது மக்கள் தொகை ஏறத்தாழ 350 தான்.

மண்ணின் மக்கள் பட்ட பாடு

இவ்வூர்களின் பெருமையைக் கூறுங்கால், அவை எவர் மண்ணில் எழுந்தன என்பதைக் கூறாது விடுதல் அறமன்று.

ராக் ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தருகே சாக் என்னும் குடியினரின் சாக்கனக் என்னும் பேரூர் இருந்தது. சுற்றிலும் சோள வயல்கள். அருகே முன்னோர் புதைந்த நிலம். 1804 இல் செயின்ட் லூயியில் அக்குடியைச் சேர்ந்த சிலர் ஓர் உடன்படிக்கையில் குறியிட்டனர். மிசிசிப்பிக்குக் கிழக்கேயுள்ள நிலம் முழுமையும் அதனால் பறிபோயிற்று. குறியிட்டவர்க்கு அவ்வுரிமை இல்லை என்பதே பிளாக் ஹாக் என்னும் முதிய வீரரின் வாதம். 1832 ஏப்ரலில் அவர் முதியோர், பெண்டிர், சிறார் உட்பட ஏறத்தாழ ஆயிரம் பேருடன் ஆற்றைக் கடந்து தம் நிலத்துக்குத் திரும்பினார். படைகள் அவர்களை ராக் ஆற்றின் வழியே வடக்கே துரத்தின. ஏரிகளையும் சதுப்புகளையும் கடந்து மீண்டும் மிசிசிப்பிக் கரைக்கே விரட்டின. ஆகஸ்டு முதல் இரண்டு நாட்களில் பேட் ஆக்ஸ் என்னும் இடத்தில், வெள்ளைக்கொடி காட்டியோர் மீதும் நீராவிப் படகிலிருந்து பீரங்கி முழங்கிற்று. ஆற்றை நீந்தியவருள்ளும் பலர் சுடப்பட்டனர். உயிர் பிழைத்தோர் மிகச் சிலரே.

அப்படையெடுப்பில் ஊர்காவல் வீரராகச் சேர்ந்து, போர் எதனையும் காணாமலே வீடு திரும்பிய 23 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். அவரை மீண்டும் இவ்வாற்றங்கரையிலேயே சந்திப்போம்.

போர்ட்டேஜைச் சூழ்ந்த நிலமோ ஹோ-சங்க் என்னும் குடியினருக்கு உரியது. வின்னிபேகோ என்பது பிறர் இட்ட பெயர். ஹோ-சங்க் என்பதே அவர்கள் தமக்கு இட்ட பெயர். புனிதக் குரலுடைய மக்கள் என அதற்குப் பொருள் கூறுவர். 1837 இல் அவர்களுள் சிலர் வாஷிங்டனுக்கு அழைக்கப்பெற்று, நிலத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் குறியிட வற்புறுத்தப்பட்டனர். வெளியேற எட்டு ஆண்டு தவணை என வாயால் கூறப்பட்டது. தாளில் எழுதப்பட்டதோ எட்டு மாதம்! நாள்தோறும் தாள்களோடு பழகும் என் போன்றோர்க்கு, ஒரு சொல்லை மாற்றி எழுதினால் ஒரு குடியே நிலமிழக்கும் என்பது நெஞ்சை நடுக்கும் செய்தி.

1840 இல் படைவீரர்கள் அவர்களை மிசிசிப்பிக்கு அப்பால் கொண்டு செலுத்தினர். உணவுப்பொருள் பெறலாம் எனப் போர்ட்டேஜுக்கு அழைத்து வரப்பட்ட எல்லோ தண்டர் என்னும் முதுதலைவரும் அங்கே சிறைப்பிடிக்கப்பட்டுக் கடத்தப்பட்டார். ஆயினும் அவர் நடந்தே திரும்பி வந்துவிட்டார். நாட்டுச் சட்டப்படி எவரும் நிலம் வாங்கலாம் என அறிந்து, 40 ஏக்கர் வாங்கிப் பத்திரம் பதிந்து, தம் நிலத்திலேயே 1874 இல் உயிர் நீத்தார். அவர் மட்டுமன்று, அம்மக்கள் அயோவா, மின்னசோட்டா, தெற்கு டக்கோட்டா, நெப்ராஸ்கா என மீண்டும் மீண்டும் துரத்தப்பட்டனர், அவருள் பலர் மீண்டும் மீண்டும் நடந்து திரும்பினர்.

இருப்புப்பாதையின் வரவு

1848 ஆம் ஆண்டு சிக்காகோவின் விதியை எழுதிய ஆண்டு. அவ்வாண்டில் ஜோலியே எண்ணிய கால்வாய் 96 மைல் நீளத்தில் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அந்நகரின் முதல் இருப்புப்பாதையும் இயங்கத் தொடங்கிற்று. அதன் பெயர் என்ன தெரியுமோ? கலீனா - சிக்காகோ யூனியன் இருப்புப்பாதை! கலீனாவே பெரிய ஊர். ஆதலால் அதன் பெயர் முதலில் நின்றது. ஆனால் அப்பாதை கலீனாவை ஒருபோதும் அடையவில்லை. 1853 இல் ஃபிரீபோர்ட் வரை வந்து நின்றுவிட்டது. எஞ்சிய தொலைவை இல்லினாய் சென்ட்ரல் என்னும் வேறொரு கம்பெனி அமைத்து, 1854 இல் கலீனாவுக்கு வண்டி விட்டது. மறு ஆண்டே பாதை மிசிசிப்பிக் கரை வரை நீண்டுவிட, கலீனா கடைசி நிலையம் என்னும் சிறப்பையும் இழந்து வழிநிலையம் ஆயிற்று.

அதே காலத்தில் எளிதில் எட்டும் ஈயம் தீர்ந்து வந்தது. கலிபோர்னியாவின் பொன் பலரை இழுத்துக்கொண்டது. மரங்களை வெட்டி மண்ணைக் கிளறியதால் ஆறு தூர்ந்து கப்பல்கள் வர இயலாமற் போயின. கலீனா உறங்கிற்று. 1860 இல் தந்தையின் தோற்கடையில் பணிபுரிய அங்கு வந்த யுலிசஸ் கிராண்ட் என்பவர், உள்நாட்டுப் போரில் படைத்தலைவராகி 1869 இல் நாட்டின் தலைவரானார். ஊர் அவர் வாழ்ந்த புகழோடு அமைந்தது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 3,300 பேர். சிக்காகோவோ 1890 இலேயே பத்து இலட்சத்தைக் கடந்துவிட்டது.

நீர்வழிக்கும் இருப்புப்பாதைக்கும் நேருக்கு நேர் நடந்த மோதலும் உண்டு. சாக்கனக் இருந்த இடத்துக்கு அண்மையில், ராக் ஐலண்டில், மிசிசிப்பியின் மேல் முதல் இருப்புப்பாதைப் பாலம் 1856 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மே 6 ஆம் நாள் எஃபி ஆஃப்டன் என்னும் நீராவிக் கப்பல் பாலத்தின் தூணில் மோதித் தீப்பற்றியது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. கப்பல் உடையவர் வழக்குத் தொடுத்தார். பாலத்தார் பக்கம் வாதிட்டவருள் ஒருவர், 25 ஆண்டுகளுக்கு முன் ஊர்காவல் வீரராகச் சேர்ந்த அதே லிங்கன். ஆற்றோடு செல்வோனுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை ஆற்றைக் கடப்போனுக்கும் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். 1857 இல் நடுவர்கள் கருத்தொருமை எய்தாமல் கலைந்தனர். 1862 இல் உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கிலும் பாலம் நிலைத்தது. நிலத்தின் பழைய உடைமையாளருக்கு அவ்வாற்றைக் கடக்கும் உரிமை 1832 இல் கிட்டவில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும்.

சிறிய ஊர் ஒன்றன் கதை இன்னும் இரங்கத்தக்கது. விஸ்கான்சின் ஆற்றங்கரையில் நியூபோர்ட் என ஓர் ஊர். இருப்புப்பாதை அங்கேதான் ஆற்றைக் கடக்கப்போகிறது என நம்பி மக்கள் மனை வாங்கினர், கடைகள் திறந்தனர், விடுதிகள் கட்டினர். 1857 இல் பாலமோ ஆற்றின் மேற்பகுதியில் சற்றுத் தொலைவில் எழுந்தது. பாலத்தருகே கில்போர்ன் என்னும் புதிய ஊர் முளைத்தது. நியூபோர்ட் மக்கள் ஒவ்வொருவராகப் புதிய ஊருக்குப் பெயர்ந்தனர். மரவீடுகளும் உடன் பெயர்ந்தன. பழைய ஊர் காடாயிற்று. கில்போர்னே 1931 முதல் விஸ்கான்சின் டெல்ஸ் எனப் பெயர் பூண்டு, ஆற்றின் பாறை வனப்பைக் காண்போர் திரளும் ஊராக விளங்குகிறது.

போர்ட்டேஜ் என்னவாயிற்று? தோணியைத் தோளில் சுமந்த அந்த ஒன்றரை மைலில் 1851 இல் கால்வாய் வெட்டி நீர்விட்டனர். 1856 இல் ஒரு நீராவிப் படகு பிட்ஸ்பர்க்கிலிருந்து கிரீன் பே வரை நீர்வழியாகவே சென்றது. ஆயினும் விஸ்கான்சின் ஆற்றின் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை; இன்று ஆழமான இடம் நாளை மேடு. ஆற்றோடு போராடிக்கொண்டிருந்தபோதே இருப்புப்பாதை அவர்களை முந்திவிட்டது. 1858 இல் அது மிசிசிப்பிக் கரையிலுள்ள லா குராஸ் வரை எட்டிவிட்டது. கால்வாய் பெயரளவில் கிடந்து 1951 இல் மூடப்பட்டது. போர்ட்டேஜ் மட்டும் மடியவில்லை. இருப்புப்பாதை அவ்வூர் வழியே சென்றமையால் இரயில் ஊராக மறுபிறப்பு எய்தியது. சிக்காகோவிலிருந்து பசிபிக் கரைக்குச் செல்லும் நெடுந்தொலைவு வண்டி இன்றும் அங்கே நின்று செல்கிறது.

வேறொரு வகையால் பிழைத்த ஊர்களும் உண்டு. வின்னிபேகோ ஏரியிலிருந்து கிரீன் பேக்கு இறங்குகையில் ஃபாக்ஸ் ஆறு ஏறத்தாழ 170 அடி வீழ்கிறது. தோணிக்காரருக்கு இடுக்கணாயிருந்த அவ்வீழ்ச்சிகளே ஆலைகளுக்குக் கைகொடுத்தன. நீனா, மெனாஷா, ஆப்பிள்டன், ககானா ஆகிய ஊர்களில் மாவு ஆலைகளும் பின்னர்த் தாள் ஆலைகளும் எழுந்தன. 1882 செப்டம்பர் 30 ஆம் நாள் ஆப்பிள்டனில் ஆற்று நீரால் மின்விசை ஆக்கி, ஆலைக்கும் வீட்டுக்கும் விளக்கேற்றினர். நீர் கடந்து சென்ற ஊர்கள் வாடின. நீரைக்கொண்டு தொழில் செய்த ஊர்கள் வாழ்ந்தன.

குடியேறியோர் மொழி

பாதைகள் திறந்தபின் ஐரோப்பாவிலிருந்து மக்கள் வெள்ளமென வந்தனர். அவருள் ஜெர்மானியர் மிகுதி. நம்மைப் போலவே அவர்களும் சங்கங்கள் கண்டனர்; பாட்டு மன்றம், உடற்பயிற்சி மன்றம், நாடகம், தம் மொழியில் செய்தித்தாள், பிள்ளைகளுக்குத் தம் மொழியில் பள்ளி என யாவும் அமைத்தனர். மில்வாக்கி நகரை ஜெர்மானிய ஏதென்ஸ் என்றே புகழ்ந்தனர். 1889 இல் பள்ளிகளில் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் எனச் சட்டம் வந்தபோது, அவர்கள் வாக்குச்சீட்டினால் ஆட்சியையே மாற்றி, 1891 இல் அச்சட்டத்தை நீக்கச் செய்தனர்.

சட்டத்தை வென்ற அம்மொழி பின்னர் எவ்வாறு தோற்றது? முதல் உலகப் போரின்போது ஜெர்மன் மொழி பகைவர் மொழி எனப் பழிக்கப்பட்டது. பள்ளிகளும் தாள்களும் மறைந்தன. அதற்கு முன்னரே பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் பாட்டியிடம் ஆங்கிலத்தில் விடை கூறத் தொடங்கியிருந்தனர்.

நமக்குரிய எண்ணம்

இரயில்வேயில் பணிபுரிவோர்க்குப் போர்ட்டேஜின் கதை புதிதன்று. மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்தித்த நிலையங்களில் ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. டிரான்ஷிப்மென்ட் என நாம் அலுவலகத்தில் வழங்கும் அவ்வேலையை நம்பி எத்தனை சுமைக் கூலியாட்கள், எத்தனை எழுத்தர்கள், எத்தனை தேநீர்க் கடைகள்! தோணி சுமந்த வழிக்கும் அதற்கும் வேற்றுமை யாது? 1992 இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கியபின் அத்தகைய யார்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சரக்கு நிற்காமல் சென்றது, நாட்டுக்கு நன்மையே. ஆனால் சரக்கு நின்றதனால் வாழ்ந்த தெருக்களில் குடியிருப்புகள் காலியாயின. பிள்ளைகளின் தொகை குறைந்து பள்ளிகள் சுருங்கின. நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் கூடிய கூட்டம் வெவ்வேறு கோட்டங்களுக்குப் பிரிந்தது.

ஆகவே, பாதை தந்த ஊரைப் பாதையே எடுத்துக்கொள்ளவும் கூடும். அதனைத் தடுத்தல் எவர்க்கும் அரிது. கலீனாவின் செல்வர்களாலும் இயலவில்லை. நியூபோர்ட் மக்களின் நம்பிக்கையாலும் இயலவில்லை. அவ்வாறாயின் எஞ்சுவது யாது?

ஹோ-சங்க் மக்களை மீண்டும் நினைப்போம். ஊர் எரிந்தது, நிலம் போயிற்று, ஐந்து மாநிலங்களில் அலைந்தனர். ஆனால் தாம் யார் என்பதை அவர்கள் மறக்கவில்லை. 1994 இல் பிறர் இட்ட பெயரை நீக்கித் தம் சொந்தப் பெயரையே ஆட்சிப் பெயராக நிறுவினர். இன்று விஸ்கான்சினில் தம் மொழியைத் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முயன்று வருகின்றனர். அம்மொழியை இயல்பாகப் பேசும் முதியோர் சிலரே எஞ்சியிருப்பதால் அம்முயற்சி கடினமானது; அரிய மொழியைக் காலம் தாழ்த்தி மீட்பது எத்துணைப் பாடு என்பதற்கும் அவர்களே சான்று.

நம் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்றல்ல. அவர்கள் துரத்தப்பட்டனர், நாம் ஊதியத்தின் பொருட்டு விரும்பி வந்தோம். நமக்குத் திரும்பிச் செல்ல ஊர் உண்டு. கோடை விடுமுறைக்கு இலவசப் பாஸும் உண்டு. ஜெர்மானியர்க்கு நேர்ந்தது போல நம் மொழியைப் பகைவர் மொழி என்பாரும் இங்கில்லை. இத்தனை வசதி இருந்தும் நம் குடியிருப்பில் பிறந்த பிள்ளைகள் பலர் தமிழில் பேசுவர், எழுதப் படிக்க அறியார். ஆண்டுவிழா மேடையில் பாடும் தமிழ்ப் பாட்டை வேறெழுத்தில் எழுதி வைத்துப் பாடும் குழந்தையை நாம் எல்லோரும் கைதட்டி மகிழ்ந்திருக்கிறோம். கைதட்டியது தவறன்று, அத்துடன் நின்றுவிடுவதே குறை. வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை ஒருமணி நேரம், சங்கத்துக் கூடத்தில் பெரியோர் ஒருவரும் கரும்பலகை ஒன்றும் இருந்தால் போதும். அரிச்சுவடிக்குப் பெருநிதி வேண்டா.

நீர் உள்ளவரை தோணியில் செல்லலாம். நீர் முடிந்த இடத்தில் தோணியை எறிந்துவிட்டவர்கள் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். தோளில் சுமந்தவர்களே அடுத்த ஆற்றைக் கண்டார்கள். நம் பணி மாறலாம்; ஊர் மாறலாம்; இந்தக் குடியிருப்பே ஒருநாள் இல்லாமற் போகலாம். எங்குச் சென்றாலும் சுமந்து செல்லத்தக்க அளவிற்கு நம் பிள்ளைகளின் தோளில் தமிழை ஏற்றி வைப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!